உடையவர் இல்லாத தேனீக்கள்

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சளாகக் குவிந்து நிற்கும் மகரந்தப் பைகள்தான் அதனிடம் இருக்கும் ஒரே செல்வம். அந்தப் பைகளும் மற்ற பூக்களில் உள்ளவை போல நெடுக வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசி முனை அளவுக்குத் துளைகள், அவ்வளவே. உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமானால் யாராவது பூவை உலுக்கியாக வேண்டும்.

புதுச்சேரிக்குத் தெற்கே நோணாங்குப்பத்தில், சுண்ணாம்பாற்றை ஒட்டிய வீடுகளின் கொல்லைகளில், பத்துக் கத்தரி, நாலு மிளகாய், ஒரு முருங்கை என்று வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் அங்கே பொறுமையாக நின்றால் உலுக்குகிறவரைப் பார்க்கலாம். வயிற்றில் நீலப் பட்டைகள் மின்ன ஒரு தேனீ வரும். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும். பிறகு மகரந்தப் பைகளைக் கால்களால் கட்டிப் பிடித்துத் தொங்கும். இறக்கைகளை மடக்கிக்கொண்டு, பறப்பதற்கான மார்புத் தசைகளை மட்டும் அதிரவிடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகள். நம் காதுக்கு அது சட்டென்று உயர்ந்து அறுபடும் ரீங்காரமாகக் கேட்கும். துளைகள் வழியே மஞ்சள் தூள் பீய்ச்சிக்கொண்டு வந்து அதன் வயிற்றில் படியும். அடுத்த பூவுக்கு அது போகும்போது அந்தத் தூளில் கொஞ்சமும் கூடவே போகிறது.

“அது தேன் எடுக்குற பூச்சி இல்ல தம்பி. சும்மா பூவ உலுக்கிட்டுப் போவுது” என்றார் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா. புத்தகம் சொல்வதை அவர் தன் கொல்லையில் நின்றே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பூச்சியியலார் அந்தத் தேனீயை அமெகில்லா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். நம் ஊரில் பெட்டியில் வளர்க்கப்படும் தேனீக்களுக்கு இந்த உலுக்கும் வித்தை கிடையாது. காற்று அசைத்தாலும் கத்தரி ஓரளவு காய்க்கத்தான் செய்யும். ஆனால் உலுக்கும் தேனீ வந்துபோன பூவில் காய் பிடிப்பதும் கூடுதல், காயின் எடையும் கூடுதல்.

கென்யாவில் கத்தரி வயல்களை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஒரு கட்டுரை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. கத்தரிப் பூவில் தேன் இல்லாததால், அதை உலுக்கும் தேனீக்கள் தங்கள் பசிக்கு வேறு பூவைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வயலுக்குப் பக்கத்தில் காடோ புதரோ இருந்தால்தான் வயலுக்குத் தேனீ உண்டு. நோணாங்குப்பத்துக் கத்தரிக்கும் இதே நியாயம்தான். ஆற்றோரத்து எருக்கு, மணல் மேட்டில் படரும் அடும்பு, வேலியோரத்து நொச்சி, புங்க மரம் என்று யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்பவை தரும் தேனில்தான் கொல்லைக் கத்தரி காய்க்கிறது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் வந்தால், பாலத்துக்கு முன்னும் பின்னும் சங்கராபரணி ஆற்றின் ஒரு கிளை கடலை நோக்கி அகன்று கிடக்கும். அதுதான் சுண்ணாம்பாறு. தென்னந்தோப்புகள், உப்பங்கழி, கழியின் ஓரத்தில் அலையாத்தி மரங்கள், முகத்துவாரத்தில் மணல் திட்டு. படகு ஏற வருகிறவர்கள் கண்ணுக்குத் தண்ணீரும் தென்னையும் தெரியும். ஒரு தேனீக்கு இந்த இடம் வேறு மாதிரி தெரியும். தென்னம்பாளை வருடம் முழுவதும் ஏதாவது ஒரு மரத்தில் வெடித்துக்கொண்டே இருக்கிறது, ஆகவே மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. வெண்கண்டல் பூக்கும் காலத்தில் கழியோரம் தேன் கொட்டிக் கிடக்கிறது. நீர்த்தேக்கத் தொட்டியின் அடிவயிற்றில் மலைத்தேனீ கட்டும் ஒற்றை அடை, வேலிக் கிளையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொம்புத் தேனீயின் அடை, மரப் பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீ, பழைய சுண்ணாம்புச் சுவரின் விரிசலில் பிசின் குழாய் நீட்டி வாழும் கொடுக்கில்லாத கொசுத்தேனீ. தேனுக்காக நாம் அறிந்து வைத்திருக்கும் நாலு இனங்களும் இந்தக் கடலோரத்து ஊர்களில் வாழக்கூடியவை. மலைத்தேனீயை யாரும் வளர்க்க முடியாது. திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி, பூக்காலம் முடிந்ததும் கூட்டத்தோடு இடம்பெயர்ந்துவிடும். மாதங்கள் கழித்து அதே மரத்துக்கு, அதே தொட்டிக்குத் திரும்பவும் வரும். போன வேலைக்காரத் தேனீக்கள் அதற்குள் ஆயுள் முடிந்து செத்திருக்கும், வழி தெரிந்தவை என்று எதுவும் மிச்சமிருக்காது. எப்படி வருகின்றன என்பது இன்றும் விவாதத்தில் இருக்கும் கேள்வி. தொட்டியை வெள்ளையடிக்கும் சாக்கில் நாம் கொளுத்துவது, தலைமுறைகள் கடந்து திரும்பி வரும் ஒரு விலாசத்தை.

ஆனால் உலகத்தில் அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000க்கும் மேல். இந்தியாவில் மட்டும் 700க்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, அடை கட்டுவதில்லை, நாம் எடுத்துச் சாப்பிடும்படி எதையும் சேர்த்து வைப்பதில்லை. ஒரு பெண் தேனீ தனியாக மண்ணைத் தோண்டியோ மரத்தைக் குடைந்தோ ஒரு வளை செய்கிறது. வளைக்குள் சிறு அறை கட்டி, மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து, அதன் மேல் ஒரே ஒரு முட்டை இட்டு, வாயை அடைத்துவிடுகிறது. அடுத்த அறை, அடுத்த முட்டை. பிள்ளை வெளியே வரும்போது தாய் பெரும்பாலும் உயிரோடு இருக்காது. இலையைக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் வட்டமாக நறுக்கிக்கொண்டு போகும் மெகாகைல், வியர்வையை நக்க வரும் சின்னஞ்சிறு ஹாலிக்டிட்கள், எருக்கம்பூவில் தடதடவென்று வந்து இறங்கும் கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ, எல்லாம் இந்த வகை. எருக்கின் மகரந்தம் தூளாக இல்லாமல் இணைந்த சிறு பொட்டலமாக இருக்கும். அதைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் வலு தச்சுத் தேனீயின் பருத்த உடம்புக்குத்தான் உண்டு. சாயங்காலம் ஆற்றோரத்துக் காய்ந்த தண்டுகளைக் கவனித்தால், அமெகில்லாவின் ஆண்கள் தாடையால் தண்டைக் கவ்விப் பிடித்தபடி வரிசையாகத் தூங்குவதைப் பார்க்கலாம். அவற்றுக்குத் திரும்பிப் போகக் கூடு இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கத்தில், தேனீ வளர்ப்பவர்களிடம் 1991, 1992 என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். அந்த ஆண்டுகளில்தான் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியாவுக்குள் வந்தது. அடைக்குள் இருக்கும் புழு கூட்டுப்புழுவாக மாற முடியாமல் நீர் நிறைந்த பையாகி, அறைக்குள்ளேயே சாகும். அதுவரை அந்த வட்டாரம் தேனுக்குப் பேர்பெற்றது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமச் சீரமைப்பு மையம் மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டியைப் பரப்பியது. அதற்கும் முன்பே, 1910களில், திருச்சியின் இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீயின் அளவுக்கு ஏற்ற சட்டப் பெட்டியை வடிவமைத்திருந்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது அந்த ஊர்த் தேனீக்களுக்கு ஒரு விசித்திரமான ஊற்று கிடைத்தது. ரப்பரின் பூவைவிட, தளிர் இலையின் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகள்தான் அதிகம் தேன் சுரக்கின்றன. தளிர் விடும் மாதங்களில் பெட்டி நிரம்பி வழியும். இப்படி முக்கால் நூற்றாண்டு வளர்ந்த தொழிலில், அந்த வைரஸ் இரண்டொரு ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பது பெட்டிகளைக் காலி செய்தது. தப்பிய கூட்டங்களிலிருந்து மெல்ல மெல்லத்தான் திரும்ப எழ முடிந்தது.

பத்தில் ஒன்பது என்ற கணக்கு நமக்கு எப்படித் தெரிகிறது? பெட்டி வைத்திருந்தவர் இருந்தார். கடன் கொடுத்த சங்கம் இருந்தது. தேன் வாங்கும் கூட்டுறவு இருந்தது. வேளாண் பல்கலைக்கழகத்துக்கு மாதிரி அனுப்பினார்கள். பெட்டிகளுக்குப் பக்கத்து மரப் பொந்துகளில் அதே இனத்தின் காட்டுக் கூட்டங்கள் இருந்தன. வைரஸுக்குப் பெட்டியும் பொந்தும் ஒன்றுதான். பொந்துத் தேனீக்களின் சாவை எழுதி வைக்க மட்டும் அங்கே நோட்டும் இல்லை, நஷ்டப்பட்டவரும் இல்லை. தேனீ ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறைத்தது இதுதான். ஒரு உயிர் அழிவது நமக்குத் தெரிய வேண்டுமானால் முதலில் அதற்கு ஒரு உடையவர் இருக்க வேண்டியிருக்கிறது. நோணாங்குப்பத்துக் கொல்லையில் உலுக்கிவிட்டுப் போகும் நீலப்பட்டைத் தேனீ நாளைக்கு வராமல் போனால், கத்தரி கொஞ்சம் குறைவாகக் காய்க்கும். மண் சரியில்லை, விதை சரியில்லை என்று ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம்.

2006இல் அமெரிக்காவில் தேனீக் கூட்டங்கள் திடீரென்று கலைந்து காணாமல்போனபோது உலகம் பதறியது. அதற்குப் பிறகுதான் தேனீயைக் காப்பாற்றுவோம் என்ற குரல் நம் ஊர்ப் பள்ளிகள் வரை வந்தது. ஐ.நா. மே 20ஐ உலகத் தேனீ நாளாக அறிவித்தது. அந்தப் பதற்றத்தின் மையத்தில் இருந்தது ஒரே ஒரு இனம், ஏபிஸ் மெல்லிஃபெரா, மேற்குலகத்தின் பெட்டித் தேனீ. இந்தியாவுக்கு அது வெற்றிகரமாகக் கொண்டுவரப்பட்டது 1962இல், இமாச்சலத்தின் நக்ரோட்டாவில். இன்று நாட்டின் வணிகத் தேன் பெருமளவும் அதனுடையது. 2020இல் நடுவண் அரசு தேனீ வளர்ப்புக்கென்று 500 கோடி ரூபாயில் ஒரு தேசிய இயக்கத்தை அறிவித்தது. அந்தப் பணத்தால் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெட்டி கொடுப்பதைத் தேனீப் பாதுகாப்பு என்று எழுதும்போது மனம் ஒப்பவில்லை. ஜோனஸ் கெல்ட்மன், ஹுவான் கொன்சாலஸ் வாரோ என்ற இரண்டு சூழலியலாளர்கள் 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை நேராகவே சொன்னார்கள்: வளர்ப்புத் தேனீயைப் பெருக்குவது கால்நடை வளர்ப்பு, அதனால் காட்டுயிருக்கு நன்மை வந்துவிடாது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2013இல், அதே இதழில் கரிபால்டியும் பல நாட்டு ஆய்வாளர்களும் 41 பயிர்முறைகள், 600 வயல்கள் என்று திரட்டிப் பார்த்திருந்தார்கள். பெட்டித் தேனீ எவ்வளவு இருந்தாலும் சரி, காட்டுப் பூச்சிகள் கூடுதலாக வந்த இடத்தில் காய்ப்பும் கூடியது. பெட்டித் தேனீ அவற்றின் இடத்தை நிரப்பவில்லை. போதாக்குறைக்கு, பெட்டியில் பெருகும் வைரஸ்கள் பூ வழியாகக் காட்டுத் தேனீக்களுக்கும் போகின்றன. பிரிட்டனின் பம்பிள் தேனீக்களில் இது 2014இல் காட்டப்பட்டது.

நம் பெட்டிக்குள் இருப்பது எந்த இனம் என்பதே இன்னும் முடிந்த வழக்கு இல்லை. 2022இல் கேரள ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கருத்த தேனீயை ஏபிஸ் கரிஞ்ஞோடியன் என்று தனி இனமாக அறிவித்தார்கள். 1798இல் ஃபாப்ரிசியுஸ் ஏபிஸ் இண்டிகா என்று பெயர் வைத்ததற்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒரு புதிய தேன்தேனீ வருவது இதுதான் முதல்முறை. வகைப்பாட்டியலார் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. மலையின் கூட்டத்தைப் பெட்டியில் ஏற்றிச் சமவெளிக்கும், சமவெளியினுடையதை மலைக்கும் கொண்டுபோய்க்கொண்டே இருந்தால், வேறுபாடு என்று ஒன்று இருந்ததா என்று பார்ப்பதற்குள்ளேயே அது கலந்து கரைந்துவிடும்.

ஃபாப்ரிசியுஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லின்னேயஸின் மாணவர். ஜெர்மனியின் கீல் நகரில் இருந்துகொண்டு, உலகமெங்கும் இருந்து வந்த பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய பூச்சிகள் பல அவரிடம் போய்ச் சேர்ந்தன. 1804இல் ஒரு தச்சுத் தேனீக்கு அவர் அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். இன்று அது சைலோகோபா டிராங்குபாரிகா. புதுச்சேரிக்குத் தெற்கே, காரைக்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு கடற்கரை ஊரின் பெயர் இப்படி இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு தேனீயின் மேல் இருக்கிறது. அந்தத் தேனீ என்ன செய்கிறது என்பது தெரியவந்தது 2008இல். ஹேமா சோமநாதன், ரெனே போர்ஜஸ் ஆகியோர் ஸ்வீடன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் அதைப் பின்தொடர்ந்தார்கள். நிலவே இல்லாத இரவில் அது பறந்தது. பறந்ததோடு நில்லாமல், நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறம் பிரித்துப் பார்த்தது. தன் கூட்டை அடையாளம் காண நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டது. அந்த வெளிச்சத்தில் நமக்கு எல்லாம் சாம்பல் நிறம்தான். தேனீயின் கூட்டுக்கண்ணோ பகலுக்கென்று அமைந்தது. மலைத்தேனீகூட நிலா இருந்தால்தான் இரவில் வெளியே போகும். தரங்கம்பாடிப் பெயர் கொண்ட இது ஒன்றுக்கு மட்டும் நிலாவும் தேவைப்படவில்லை.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. பெயர் வைத்து 204 ஆண்டுகள் கழித்துத்தான் அதன் வாழ்க்கையின் முக்கியமான செய்தி நமக்குத் தெரிந்திருக்கிறது. தேன் தரும் பூச்சியாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது.

புதுச்சேரிக்கு என்று தேனீ ஆய்வில் ஒரு தனி இடம் உண்டு. அது தேனீக் கூட்டிலிருந்து வரவில்லை, ஒரு கண்ணாடித் தகட்டு நூலகத்திலிருந்து வருகிறது. 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்தவியல் ஆய்வகத்தில் வெப்பமண்டலச் செடிகளின் மகரந்தம் 20,000க்கும் மேற்பட்ட தகடுகளில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொகுப்புக்கு கணபதி தணிகைமணியின் பெயர். சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து, புதுச்சேரிக்கு வந்து தங்கியவர். பனைக் குடும்பத்தின் மகரந்தத்தை ஆராய்ந்து பிரான்சில் முனைவர் பட்டம் பெற்றார். தென்னை, பனை, ஈச்சை ஆகியவற்றின் மகரந்த மணிகளில் எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்லும் அறிவில் அவர் பங்கு பெரியது. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் கொல்லப்பட்டார். அலையாத்திக் காடுகளின் மகரந்தம் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டு, 1987இல், அவர் இல்லாமலே வெளிவந்தது. தென்னையும் அலையாத்தியும் சேர்ந்து நிற்கும் நோணாங்குப்பத்துக் கழியோரத்தில் நிற்கும்போது அவரை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அந்த நூலகத்தின் பயன் இப்படி. ஒரு கரண்டித் தேனை வெந்நீரில் கரைத்துச் சுழலியில் சுற்றினால் அடியில் மகரந்தம் படியும். அதை அமிலத்தில் சுத்தம் செய்து நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு மணியும் தன் செடியின் முகத்தைக் காட்டும். வரியா, முள்ளா, வலையா, ஒரு பிளவா மூன்று துளையா என்று தகடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தத் தேனீக் கூட்டம் கடந்த சில வாரங்களில் எங்கெல்லாம் போனது என்ற பயணக் குறிப்பு அது. பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தென்னிந்தியத் தேனில் உள்ள மகரந்தத்தை வைத்துத் தேனீக்களின் பூத்தேர்வை ஆராய்ந்து 2014இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்டார்கள். தேனைத் தரம் பார்ப்பதற்கு என்று இருந்த ஒரு முறையை நிலத்தைப் படிக்கும் முறையாக மாற்றியதுதான் அதில் எனக்குப் பிடித்தது. எந்தத் தோப்பு வெட்டப்பட்டது, எந்த மரம் புதிதாக வந்தது என்பது தேனில் எழுதப்பட்டுவிடுகிறது. தனித்தேனீ தேன் சேர்ப்பதில்லை என்றாலும், அதன் வளைக்குள் பிள்ளைக்காகப் பிசைந்து வைத்த உருண்டையில் அதே மகரந்தம் இருக்கிறது. தாய்த் தேனீயின் கால் மயிரிலும் இருக்கிறது. படிக்க அகராதி நம் ஊரிலேயே தயாராக இருக்கிறது.

சில ஆய்வுகள் இதைவிட எளிய கருவிகளோடு நடந்தவை. மதுரை தியாகராசர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2011இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். காபிக் கடைகளில் குடித்துவிட்டு எறியும் காகிதக் கோப்பைகளின் அடியில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக்குத் தேனீக்கள் வருகின்றன. பூவுக்குப் போவதை விட்டுவிட்டுக் குப்பைத் தொட்டிக்கே வரத் தொடங்குகின்றன. அங்கேயே சாகின்றன. ஐந்து கடைகளில் 30 நாட்கள் எண்ணியதில் செத்த தேனீக்கள் 25,211. ஒரு கடைக்கு ஒரு நாளைக்குச் சராசரி 168. எண்ணுவதற்குத் தேவைப்பட்டது கண்ணும் பொறுமையும் மட்டும். விடுமுறை நாளில் கூட்டம் கூடும் எந்த ஆற்றங்கரைக்கும், கடற்கரைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். டீ, கரும்புச்சாறு, குளிர்பானம் என்று இனிப்பின் மிச்சம் திறந்து கிடக்கும் இடமெல்லாம் அவற்றுக்குப் பொறி. மூடி போட்ட குப்பைத் தொட்டி ஒரு தேனீப் பாதுகாப்புத் திட்டம் என்று யாரும் அறிக்கையில் எழுதமாட்டார்கள்; நான் எழுதுவேன். பெங்களூருவில் நடந்து 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், காற்று மாசு மிதமாகவும் கடுமையாகவும் உள்ள இடங்களில் பிடித்த மலைத்தேனீக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் 24 மணி நேரத்துக்குள் இறந்தன. பூவில் வந்து உட்காரும்போது பார்த்தால் அவை நன்றாகத்தான் இருந்தன.

நோணாங்குப்பத்துக்கு என்று யோசித்தால், எனக்குப் பூவைவிட மண்தான் பெரிய கவலை. பூ எங்காவது கிடைத்துவிடும், தேனீ பறந்து போய்க் குடித்துவிட்டு வரும். வீடு அப்படி இல்லை. மண்ணில் வளை தோண்டும் தேனீக்கு வெயில் படும், செடி அடர்ந்து மூடாத, மிதிபடாத வெறும் நிலம் வேண்டும். நம் கண்ணுக்கு அது பாழ்நிலம். மனை போடுகிறவர் அதைச் சமன்படுத்துகிறார், வீட்டுக்காரர் வாசல் முழுக்க சிமென்ட் பூசுகிறார், கோயில் திடலுக்கும் ஆற்றோரத்து நடைபாதைக்கும் பேவர் கல் பதிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் சுத்தத்துக்காகவும் வசதிக்காகவும் செய்யப்படுவது. ஆனால் கல்லுக்கு அடியில் அடுத்த ஆண்டின் தேனீக்கள் அறைகளுக்குள் படுத்திருக்கும். தச்சுத் தேனீக்குக் காய்ந்த மரம் வேண்டும். பட்டுப்போன முருங்கைக் கிளையையும் மூங்கில் துண்டையும் பழைய பந்தல் காலையும் வீட்டில் யாரும் விட்டு வைப்பதில்லை.

இதற்கு மாற்றுக் காட்சி வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் இருக்கிறது. இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இடம். சாமியின் காட்டில் விழுந்த மரத்தை எடுக்கக் கூடாது என்ற அச்சம் அங்கே இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. விழுந்த மரம் அங்கேயே கிடந்து காய்ந்து மக்குகிறது. வண்டு துளைத்த ஓட்டைகளில் இலைவெட்டித் தேனீ குடியேறுகிறது. பாதுகாப்பு என்று யாரும் பெயர் சூட்டாமலே சில நூற்றாண்டுகளாக நடந்துவரும் பாதுகாப்பு இது. காடு முழுவதற்கும் ஒரு உடையவர் இருக்கிறார் என்று ஊர் நம்பியதால் நடந்தது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சங்கராபரணி பெருகியது, தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது. படகு, பம்புசெட், வீடு, பயிர் என்று சேதக் கணக்கு எழுதப்பட்டது. மண்ணுக்கு அடியில் இருந்தவற்றின் கணக்கு அதில் வராது. அவை ஒட்டுமொத்தமாக மூழ்கிச் செத்திருக்கும் என்று முடிவுகட்டவும் தேவையில்லை. மண்தேனீக்கள் பலவற்றின் வயிற்றில் ஒரு சுரப்பி உண்டு. அது சுரக்கும் மெழுகு போன்ற பொருளைத் தாய் நாக்காலும் வயிற்று நுனியாலும் அறையின் சுவரெங்கும் பூசுகிறது. தண்ணீர் உள்ளே இறங்காது, பிசைந்து வைத்த உணவும் பூசணம் பிடிக்காது. பருவமழைக் கரையில் வாழும் உயிர் மழையை எதிர்பார்த்துத்தான் வீடு கட்டுகிறது. எவ்வளவு மழைவரை அந்தப் பூச்சு தாங்கும் என்பதைப் புயலுக்கு முன்னும் பின்னும் அதே திட்டில் வளைகளை எண்ணிய ஒருவரால்தான் சொல்ல முடியும்.

அப்படி எண்ணும் வேலை பெரிய செலவு பிடிப்பதல்ல. அடும்பு படர்ந்த மணல் மேடு ஒன்று, அலையாத்தி ஓரம் ஒன்று, தென்னந்தோப்பு ஒன்று, கொல்லைக் கத்தரி ஒன்று, இன்னும் சிமென்ட் படாத திடல் ஒன்று என்று இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பூச்செடிக்கு முன்னும் குறிப்பிட்ட நிமிடங்கள் நின்று வந்தவற்றை எழுத வேண்டும். இனம் தெரியாவிட்டால் நீலப் பட்டை, கருப்பு பெரியது, பச்சை மின்னுவது என்று எழுதினாலும் பரவாயில்லை. சிலவற்றையாவது பிடித்து ஊசி குத்தி, தேதியும் இடமும் எழுதிய சீட்டோடு பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு உயிரைக் கொல்வது மனசுக்கு உவப்பில்லாத வேலைதான். ஆனால் ஃபாப்ரிசியுஸ் கையில் போய்ச் சேர்ந்த தேனீயும் அப்படி ஊசியில் இருந்ததால்தான் தரங்கம்பாடியின் பெயர் இன்றும் ஒரு தேனீயின் மேல் இருக்கிறது. இரவுக் கணக்குக்கு, விளக்கு வைத்துக் கழியில் இறால் பிடிக்கப் போகிறவர்களைக் கேட்டால் இருட்டில் என்ன பறக்கிறது என்று சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம், கொல்லைக்காரப் பெண்களை அவசியம் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் எண்ணிக்கையை ஐப்பசிக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. மழை பிடித்துக்கொண்டால் மண் வளைகளின் வாய் அடைபட்டுவிடும், பிறகு தை பிறந்து தரை காயும்வரை எதுவும் கண்ணில் படாது.